ஏலமலை ஜீப்பும் எட்டாத மருந்துப் பெட்டியும்

விடிய இன்னும் நேரமிருக்கிறது. போடிநாயக்கனூர் டீக்கடைகளில் பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாகப் பெண்கள் தெருமுனைகளில் நிற்கிறார்கள். ஜீப் வந்ததும் பேச்சு அடங்கி, ஏறுகிற அவசரம் கூடுகிறது. “இன்னுங் கொஞ்சம் தள்ளி உக்காருத்தா” என்ற குரலுக்குப் பின்னால் மேலும் இரண்டு பேர் உள்ளே நுழைகிறார்கள். முந்தலைத் தாண்டி மலையேறும் இந்த வண்டிகள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்தும் இப்படித்தான் ஆட்கள் கிளம்புகிறார்கள். சிலர் கம்பம்மெட்டு வழியாகவும் சிலர் குமுளி வழியாகவும் போவார்கள். போடிக்காரர்களுக்குப் போடிமெட்டுப் பாதை.

காலையில் தமிழ்நாட்டில் எழுந்து, பகல் முழுக்கக் கேரளத்தில் வேலை செய்து, இருட்டும் நேரத்தில் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிற வாழ்க்கை இது. இந்த வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்கோ ஆணுக்கோ பால்வினைத் தொற்று வந்தால் அவர் எங்கே போவார், எந்த நேரத்தில் போவார்? மருந்து இலவசம். பரிசோதனையும் இலவசம். இருந்தும் இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை.

போடி ஏலக்காயால் வாழும் ஊர். மலையில் பறித்து, ஸ்டோர் என்ற உலர்கூடத்தில் உலர்த்திய காய் இங்கே வந்துதான் தரம் பிரிகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கும் மலைமேல் புற்றடியிலும் நடக்கிறது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததற்கு மலையின் சரக்கும் ஒரு காரணம். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. வியாபாரி, லாரி ஓட்டுநர், சுமைதூக்குவோர், தோட்டத்து ஆட்கள் என்று வந்துபோகும் கூட்டம் எப்போதும் இருக்கும் ஊர். ஆட்கள் இப்படி நடமாடும் இடங்களில் பால்வினைத் தொற்றும் கூடவே நடமாடும் என்பதை உலகம் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். இதில் யாருடைய ஒழுக்கத்தையும் எடைபோட ஒன்றுமில்லை. வீட்டைவிட்டு நீண்டநாள் விலகி இருப்பதும், மருத்துவம் கைக்கெட்டாமல் இருப்பதும் நோய்க்கு வழிவிடுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்றைச் சொன்னால் அளவு புரியும். குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டும், அதாவது சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனியாசிஸ் ஆகியவை, 2020-ல் உலகம் முழுக்க 37 கோடியே 40 லட்சம் முறை புதிதாகத் தொற்றின. ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை சில மாத்திரைகளுக்கோ ஓர் ஊசிக்கோ அடங்கிவிடுபவை. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைப்பு, குழந்தையின்மை, கருச்சிதைவு, செத்துப் பிறக்கும் குழந்தை என்று குடும்பத்தையே உருக்குலைப்பவை. பிறப்புறுப்பில் புண் இருக்கும் உடலுக்குள் எச்ஐவி எளிதாக நுழைகிறது என்பது இன்னொரு ஆபத்து.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கென்று இரண்டு கதவுகள் இருக்கின்றன. எச்ஐவி பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையம். பால்வினைத் தொற்றுக்குச் சுகவாழ்வு மையம். நாடு முழுவதும் சுரக்ஷா கிளினிக் என்று அறியப்படுவது இதுதான். வட்ட மருத்துவமனைகளில் பெரும்பாலும் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் படங்கள், மேசைமேல் ஆணுறைச் செயல்விளக்கத்துக்கு ஒரு மாதிரி. முக்கியமானது, மூடக்கூடிய கதவு.

தோட்டத்து வேலைக்குப் போகும் ஒரு பெண் அங்கே வந்தால் பேச்சு நேரடியாகத் தொடங்காது. “மேடம், இடுப்பு கழண்டு போற மாதிரி வலிக்குது” என்பார். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், “ரொம்ப நாளா வெள்ளப்படுது” என்பார். இன்னும் பொறுத்துக் கேட்டால்தான் எரிச்சலும் புண்ணும் கணவரின் உடல்நிலையும் வெளியே வரும். இந்த மூன்றாவது வாக்கியம் வரை காத்திருக்கத் தெரிந்தவரே நல்ல ஆலோசகர். நெரிசலான புறநோயாளிகள் பிரிவில், நாலு பேர் காதில் விழும்படி “என்னம்மா பிரச்சினை?” என்று கேட்டால் அந்தப் பெண் இடுப்பு வலி மாத்திரையோடு திரும்பிவிடுவார்.

கதவுக்குப் பின்னால் காத்திருப்பவை ஏழு வண்ணப் பெட்டிகள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வகுத்த ஏற்பாடு இது. பரிசோதனைக்கூட முடிவு வரும்வரை காத்திருக்காமல், அறிகுறிகளின் தொகுப்பைப் பார்த்து அன்றைக்கே மருந்தைக் கையில் கொடுத்துவிடுவது. சிறுநீர்ப்பாதையிலோ கருப்பை வாயிலோ சீழ் என்றால் சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே அசித்ரோமைசினும் செஃபிக்சிமும். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளைப் பெட்டி. அதில் பென்சாதைன் பென்சிலின் ஊசியும் உண்டு. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு நீலம். அக்கிவகைக் கொப்புளங்களுக்குச் சிவப்பு. அடிவயிற்று வலிக்கு மஞ்சள். அரையாப்புக் கட்டிக்குக் கறுப்பு. நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம். நீளமான மருந்துச் சீட்டுத் தேவையில்லை, அதை வாசித்துக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பதும் இல்லை. தினக்கூலி இழந்து வந்தவர் இன்னொரு நாள் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது என்ற அறிவு இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கிறது. அந்த வகையில் இது மிக நல்ல திட்டம்.

இதற்கும் எல்லை உண்டு. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அறிகுறி இல்லாதவருக்கு வண்ணப் பெட்டி கிடைக்காது. மறுபக்கம், வெள்ளைப்படுதல் எல்லாமே பால்வினை நோய் அல்ல. பூஞ்சையாலும், பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதாலும் வருவதே அதிகம். இதை அந்தப் பெண்ணிடம் தெளிவாகச் சொல்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்து அனுப்பினால், வீட்டில் சந்தேகமும் சண்டையும்தான் மிஞ்சும்.

கணவரை அழைத்து வரச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சில வாரங்களில் தொற்று திரும்பிவிடும். ஆனால் “ஒங்க வீட்டுக்காரரும் வரணும்” என்ற ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணுக்கு அடி வாங்கித் தரலாம். கணவர் திருப்பூரிலோ மலைமேல் தோட்டத்திலோ தங்கி வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். இந்த ஒரு இடத்தில் மருந்தைவிட ஆலோசகரின் சாமர்த்தியமே நோயைக் குணப்படுத்துகிறது.

ஆண்கள் வேறு வழி தேடுகிறார்கள். தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாலும், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் பரம்பரை வைத்தியர் முகாம் என்ற விளம்பரம் கண்ணில் படும். ஒரு பூட்டிய அறை, பெயர் கேட்காத ஆள், ஆயிரக்கணக்கில் பணம். அரசு மருத்துவமனை தர வேண்டிய ரகசியத்தை லாட்ஜ் அறை விலைக்கு விற்கிறது. அடுத்த வழி மெடிக்கல் ஷாப். அங்கே கைக்கு வருவது பல நேரம் சிப்ரோஃப்ளாக்சசின். இந்தியாவில் கொனோரியா கிருமிகள் அந்த மருந்தை எதிர்க்கக் கற்று நெடுநாள் ஆகிறது. சீழ் சில நாள் குறைந்தது போலிருக்கும், கிருமி உள்ளே இருக்கும், அடுத்த முறை இன்னும் வலுவான மருந்து தேவைப்படும்.

இந்த வெட்கத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் சிப்பாய்களின் உடல்நலத்தைக் காப்பாற்றுவதற்காகப் பெண்களைப் பிடித்துக் கட்டாயமாகச் சோதித்து, நோய் இருந்தால் ‘லாக்’ மருத்துவமனைகளில் அடைத்து வைத்தார்கள். மதராஸ் மாகாணத்தில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவை இருந்தன. 1868-ல் அதற்குத் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒரு சட்டமும் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து ரத்தானது. பெண்கள் ஒளிந்துகொண்டார்கள், நோய் தொடர்ந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து அதே தவறு சென்னையில் திரும்ப நடந்தது. 1986-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, சோதனைக்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்ஐவி தெரிந்தது. இந்தியாவில் எச்ஐவி இருப்பது வெளிப்பட்ட முதல் தருணம் அது. அப்போதைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டப்பேரவையில் அதை அறிவித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில், தொற்று இருந்த ஒரே காரணத்துக்காகப் பெண்கள் காப்பகங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களை விடுவிக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

தமிழ்நாடு அந்தப் பாதையிலிருந்து விலகியதுதான் அதைக் காப்பாற்றியது. 1994-ல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. 1995 முதல் சென்னை அடையாறு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் அமைப்பு அமெரிக்க உதவியோடு ‘ஏபேக்’ என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தை நடத்தியது. லாரி ஓட்டுநர்கள் நிற்கும் இடங்களுக்கும் பாலியல் தொழிலாளர் இருக்கும் இடங்களுக்கும் தொண்டு நிறுவனங்கள் ஆணுறையோடும் சிகிச்சையோடும் போயின. 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி ஊர்ச் சுவர்களையெல்லாம் நிறைத்ததை அந்தத் தலைமுறை மறக்காது. அதுவரை வாயில் வராத வார்த்தை டீக்கடைப் பேச்சுக்குள் வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இலவச எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது, முதலில் தேர்வான எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. 2001-ல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடையே 1.13 சதவீதமாக இருந்த எச்ஐவி தொற்று, இருபது ஆண்டுகளில் 0.2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

தேனி மாவட்டம் இந்தக் கதையின் ஓரத்தில் இருந்ததல்ல. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது தேனி அதிக கவனம் தேவைப்படும் ‘ஏ’ பிரிவில் வந்தது. ஆண்டிபட்டியில் உள்ள ஆரோக்ய அகம், தொழுநோய்க்கும் காசநோய்க்கும் சிகிச்சை தந்து, பிறகு எச்ஐவி பணிக்கு வந்த அமைப்பு. ஊர் ஒதுக்கிவைத்த நோயாளிகளோடு முன்பே பழகியவர்களுக்கு எச்ஐவி கொண்டுவந்த ஒதுக்கல் புதிதல்ல. இன்று தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தக் கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையம் இயங்குகிறது. நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாதங்களுக்கான மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது. நோயாளியின் பிழைப்புக்கு ஏற்றபடி எச்ஐவி திட்டம் தன்னை வளைத்துக்கொண்டிருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் எச்ஐவி சோதனை செய்வதும், அவரது நிலையை வெளியே சொல்வதும், அதைக் காட்டி வேலையை மறுப்பதும் தடைசெய்யப்பட்டவை.

முந்தலுக்கு மேலே சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. வெயில் காய்ந்த பாறையும் முட்செடியும் கீழே போக, காற்று குளிர்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் போடியின் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் சமவெளியில் விரிந்து கிடக்கும். போடிமெட்டில் சோதனைச்சாவடி, அதோடு தமிழ்நாடு முடிகிறது. தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை. பெரிய மரங்களின் நிழலுக்கு அடியில் ஆளுயரத்துக்கும் மேலே வளர்ந்த ஏலச்செடிகள்.

காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் காய்க்கிறது. ஆகவே பறிப்பவர் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே நகர வேண்டும். ஈரத்தரை, மழை, நனைந்த துணி. கழிப்பறை எல்லாத் தோட்டத்திலும் இருப்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் துணி மாற்ற இடமும் இருக்காது. சமவெளி மருத்துவமனையில் ‘வெள்ளைப்படுதல்’ என்று பதிவாவதன் ஒரு பகுதி இந்த ஈரத்திலிருந்து வருகிறது. அதற்குப் பச்சைப் பெட்டி மட்டும் போதாது. தோட்டத்தில் கழிப்பறையும் தண்ணீரும் வேண்டும். அதைக் கட்டித் தரவேண்டியவர் தோட்டத்து முதலாளி.

தோட்டங்களில் இப்போது தமிழ்க்குரல் மட்டும் கேட்பதில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் லயங்கள் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் அரைகுறை. கேரள அரசு எச்ஐவி பரிசோதனை மையத்தை ‘ஜ்யோதிஸ்’ என்றும், பால்வினைத் தொற்று மையத்தை ‘புலரி’ என்றும், ஏஆர்டி மையத்தை ‘உஷஸ்’ என்றும் நடத்துகிறது. சேவை ஒன்றுதான், மருந்து ஒன்றுதான். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பதிவேடு, அந்தப் பக்கம் ஒரு பதிவேடு. காலையில் ஏறி மாலையில் இறங்குகிற பெண் எந்தப் பதிவேட்டுக்கும் முழுதாகச் சொந்தமில்லை.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த இடைவெளி ஆபத்தானது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்த கர்ப்பிணிக்கு எச்ஐவியோடு சிபிலிஸ் சோதனையும் நடக்கிறது. சிபிலிஸ் ஆரம்ப நிலையில் இருந்தால் ஒரே ஒரு பென்சாதைன் பென்சிலின் ஊசி போதும்; நாள்பட்டது என்றால் வாரம் ஒன்றாக மூன்று. பிரசவத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்பே போட்டாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. போடாவிட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், நோயோடு பிறக்கலாம். ஒவ்வாமை வந்துவிடுமோ என்ற பயத்தில் பென்சிலின் போடத் தயங்கும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு மருந்தும் பயிற்சியும் கைவசம் உண்டு. தோட்டத்து லயத்தில் இருக்கும் வெளிமாநிலப் பெண் ஆறாம் மாதம் வரை எங்கும் பதிவாகாமல் இருந்தால்தான் கைவசம் ஒன்றுமில்லாமல் போகிறது.

இந்த மலைக்குப் பாடம் சொல்லக்கூடிய ஊர் ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள முவான்சா. 1990-களின் தொடக்கத்தில் அங்கே பன்னிரண்டு கிராமப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஆறில் மட்டும் சுகாதார நிலையங்களின் பால்வினைத் தொற்று சிகிச்சையை மேம்படுத்தினார்கள். ஊழியர்களுக்குப் பயிற்சி, தட்டுப்பாடில்லாத மருந்து, தொடர்ந்த மேற்பார்வை, அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் அந்த ஆறு பகுதிகளில் புதிய எச்ஐவி தொற்று ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக இருந்தது. 1995-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்த முடிவு உலகத்தின் கொள்கையையே மாற்றியது. பிறகு உகாண்டாவின் ராக்காயில், சில மாதங்களுக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய் எல்லோருக்கும் மொத்தமாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். எச்ஐவி குறையவில்லை. அங்கே எச்ஐவி ஏற்கெனவே பரவலாகிவிட்டிருந்தது ஒரு காரணம். இன்னொரு விளக்கமும் உண்டு. முவான்சாவில் நோய் வந்த அன்றே போகத் திறந்த கதவு இருந்தது. ராக்காயில் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்போதோ ஒருமுறை தோட்டத்தில் முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய வேறுபாடு இது.

மாலையில் ஜீப்புகள் இறங்குகின்றன. பெண்கள் அடுப்பு பற்றவைக்கும் அவசரத்தில் போடித் தெருக்களில் பிரிந்து போகிறார்கள். புறநோயாளிகள் பிரிவு காலையோடு முடிந்துவிட்டது. ஆலோசகரும் பரிசோதனைக்கூட ஊழியரும் வீட்டுக்குப் போயாயிற்று. சிகிச்சை வேண்டுமென்றால் ஒருநாள் கூலியை விட வேண்டும். ஜீப்பில் இடம் விட்டுப்போனால் மறுநாள் வேலையும் நிச்சயமில்லை. ஏழு பெட்டிகளும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே இருப்பது கடிகாரம் மட்டும்தான்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. 2024-ல் ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ வேலையிடத்துக்கே போனது. ஏலமலைப் பெண்களின் வேலையிடம் மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதால் அந்தத் திட்டம் அவர்களைத் தேடிப் போக முடியாது. ஆனால் அவர்கள் திரும்பி வரும் ஊர் இங்கேதான் இருக்கிறது. போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, பெயர்ப்பலகையில் நோயின் பெயர் இல்லாத ஒரு அறை திறந்திருக்கட்டும். உள்ளே ஒரு பெண் ஆலோசகர், ஒரு செவிலியர், ஏழு பெட்டிகள், விரல்நுனி ரத்தத்தில் எச்ஐவியும் சிபிலிசும் பார்க்கும் சோதனை. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் கர்ப்பிணிகளின் பதிவேட்டை மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். புதிய சட்டமோ பெரிய கட்டிடமோ வேண்டியதில்லை.

படிப்பவருக்கும் ஒரு சொல். உங்களுக்கோ தெரிந்தவருக்கோ சந்தேகம் இருந்தால் லாட்ஜ் அறைக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் போகாதீர்கள். 1097 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை.